மேலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும்: நிலநடுக்கச் சேதத்தைத் தொலைவிலிருந்து கணிப்பது எப்படி?

கேள்வி இது: "துருக்கி நிலநடுக்கத்தின்போது செய்திகளில் 'முன்பு, பின்பு' என்று செயற்கைக்கோள் படங்களைக் காட்டினார்கள். அந்தப் படங்களை வைத்தே எத்தனை வீடுகள் இடிந்தன என்று கணக்கிட்டுவிட முடியாதா? என்னைப் போல வீட்டில் கணினியோடு இருப்பவர்கள் அந்த வேலையில் உதவ முடியுமா?"

இரண்டுக்கும் பதில் 'முடியும்' என்பதுதான். ஆனால் படங்களைப் பார்த்தவுடன் நமக்குத் தோன்றுகிற அளவுக்கு முடியாது. அடியோடு நொறுங்கிய கட்டடங்களை மேலிருந்து ஓரளவு எண்ணிவிடலாம். சுவர் வெடித்து, தூண் முறிந்து, உள்ளே கால் வைக்கவே முடியாத நிலையில் நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களை எண்ண முடியாது. அதேபோல, இடிந்த வீட்டைத் தேடிப் பிடித்துக் குறிப்பதைவிட, நிலநடுக்கத்துக்கு முன் அங்கே எந்த வீடு, எந்தப் பாதை இருந்தது என்று வரைந்து கொடுப்பதில்தான் நம்மைப் போன்ற தன்னார்வலர்களின் உழைப்பு அதிகம் பயன்படுகிறது. காரணங்களை 2015 நேபாள நிலநடுக்கத்தை மையமாக வைத்தே சொல்கிறேன். இந்தத் துறையில் எது கைகொடுக்கும், எது கைவிடும் என்பதெல்லாம் அங்கே ஒரே இடத்தில் தெரிந்தது.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நேபாள நேரப்படி முற்பகல் 11:56. கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் ஊருக்கு அருகே 7.8 அளவில் நிலநடுக்கம். சுமார் 9,000 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 5 லட்சம் வீடுகள் முழுமையாக அழிந்தன. சனிக்கிழமை அங்கே பள்ளி விடுமுறை. இடிந்து விழுந்த ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லாமல் போனது அதனால்தான்.

தொலைக்காட்சிகள் எல்லாம் நிலநடுக்க மையத்தை ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டின. பார்ப்பவர்களுக்கு அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் அதிகச் சேதம் என்று தோன்றும். நடந்தது வேறு. பூமிக்கு அடியில் பிளவு அந்தப் புள்ளியில் தொடங்கிக் கிழக்கு நோக்கி நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. அதிக உயிர்ப்பலி காத்மாண்டுவுக்கு வடகிழக்கே உள்ள சிந்துபால்சோக் மாவட்டத்தில். அங்கே மட்டும் சுமார் 3,500 பேர். மையம் இருந்த கோர்க்கா மாவட்டத்தில் சுமார் 450 பேர். முதல் நாட்களில் எந்தத் திசைக்கு ஹெலிகாப்டர் அனுப்புவது என்ற கேள்விக்கு அந்தச் சிவப்புப் புள்ளி சரியான விடை இல்லை. தொலைவிலிருந்து சேதத்தைக் கணிக்கும் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

பலரும் நினைப்பதுபோல முதல் கணிப்பு படத்திலிருந்து வருவதில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் 'ஷேக்மேப்', 'பேஜர்' என்ற இரண்டு அமைப்புகள், நில அதிர்வுமானிகளின் பதிவு, நிலத்தின் தன்மை, மக்கள் அடர்த்தி, அந்த வட்டாரத்தின் கட்டட வகை ஆகியவற்றைச் சேர்த்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஒரு மதிப்பீடு தருகின்றன. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டும். நேபாளத்துக்குச் சிவப்பு. 'எவ்வளவு பெரிய பேரழிவு' என்பதை அது சொல்லிவிடும். எந்த ஊரில் எந்தத் தெரு என்று சொல்லாது. அதற்குத்தான் படம் வேண்டும்.

படம் வாங்குவதற்கு உலக அளவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பேரிடர்களுக்கான பன்னாட்டு சாசனம் என்று பெயர். ஐரோப்பிய விண்வெளி முகமையும் பிரான்சின் விண்வெளி முகமையும் தொடங்கியது. 2000-ல் நடைமுறைக்கு வந்தது. இஸ்ரோ 2001-ல் சேர்ந்தது. ஒரு நாட்டில் பேரிடர் என்று சாசனத்தை இயக்கினால், உறுப்பு நிறுவனங்கள் தங்கள் செயற்கைக்கோள்களை அந்தப் பக்கம் திருப்பிப் படமெடுத்து இலவசமாகக் கொடுக்கும். நேபாளத்துக்கு அன்றைக்கே இயக்கப்பட்டது. ஆனால் மலைகளின் மேல் மேகம். படம் எடுத்தாலும் பல பள்ளத்தாக்குகள் வெள்ளைத் திட்டாகவே வந்தன. ஒளிப்படச் செயற்கைக்கோள்களின் முதல் பலவீனம் இதுதான். 2023 பிப்ரவரியில் துருக்கியிலும் பனியும் மேகமும் முதல் நாட்களைத் தின்றன.

சரி, தெளிவான படம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் என்ன தெரியும்?

வணிகச் செயற்கைக்கோள்களில் மிகக் கூர்மையானவற்றில் ஒன்றான 'வேர்ல்ட்வியூ-3' தரும் படத்தில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 31 செ.மீ. 6 மீட்டருக்கு 8 மீட்டர் அளவுள்ள ஒரு மலைவீடு அந்தப் படத்தில் 20-க்கு 26 பிக்சல் அளவில் ஒரு கட்டமாகத் தெரியும். கார் தெரியும், கூடாரம் தெரியும், ஆள் தெரிய மாட்டார். சுவரில் ஒரு விரல் அகல விரிசல் இருந்தால் அது படத்தில் இல்லவே இல்லை. அதைவிட முக்கியம், சுவரே படத்தில் இல்லை. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் நாம் பார்ப்பது கூரையை மட்டும்.

ஆகவே படத்தைப் படிப்பவர்கள் சுற்றுவழியில் அடையாளம் தேடுகிறார்கள். கூரையின் நேர்க்கோட்டு விளிம்பு உடைந்திருக்கிறதா? கட்டடத்தைச் சுற்றி வெளிறிய நிறத்தில் இடிபாடு சிதறியிருக்கிறதா? நிழல் முன்பைவிடக் குட்டையாகியிருக்கிறதா? மூன்று மாடிக் கட்டடம் சப்பையாக அமர்ந்துவிட்டால் கூரை அப்படியே இருக்கும், நிழல் மட்டும் காட்டிக்கொடுக்கும். அப்புறம் திறந்தவெளிகள். நேற்றுவரை வெறும் மைதானமாக இருந்த இடத்தில் நீலமும் ஆரஞ்சுமாகத் தார்ப்பாய்கள் முளைத்திருந்தால், சுற்றியுள்ள வீடுகளுக்குள் மக்கள் போகவில்லை என்று அர்த்தம். காத்மாண்டுவின் துண்டிகேல் மைதானம் அப்படித்தான் கூடாரங்களால் நிறைந்தது. என் கணிப்பில், தனித்தனி வீடுகளை உற்றுப் பார்ப்பதைவிட இந்தக் கூடாரங்களைத் தேடுவது நம்பகமான வழி. மக்கள் தங்கள் வீட்டைப் பற்றி எடுத்த முடிவே அங்கே படமாகத் தெரிகிறது.

இப்படிப் படம் பார்த்துச் சேதம் குறிக்கும் வேலை பெரிய அளவில் நடந்தது ஹெய்ட்டியில். 2010 ஜனவரி 12 மாலை, 7.0 அளவில் நிலநடுக்கம். மறுநாள் காலையிலேயே 'ஜியோஐ-1' செயற்கைக்கோள் தலைநகர் போர்ட்-ஒ-பிரின்சைப் படமெடுத்துவிட்டது. பிறகு உலக வங்கியின் ஏற்பாட்டில் விமானம் பறந்து 15 செ.மீ. துல்லியத்தில் நகரத்தைப் படம் பிடித்தது. 20-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 600-க்கும் மேற்பட்ட பொறியாளர்களும் ஆய்வாளர்களும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, ஆளுக்குச் சில கட்டங்களைப் பிரித்துக்கொண்டு, முன்னும் பின்னுமாகப் படங்களை ஒப்பிட்டு, சுமார் 30,000 கட்டடங்களை 'மிகக் கடும் சேதம் அல்லது முழு இடிவு' என்று குறித்தார்கள். சில வாரங்களிலேயே அந்தக் கணக்கு, மறுகட்டமைப்புக்கு எவ்வளவு பணம் தேவை என்ற மதிப்பீட்டுக்குள் போனது. ஒரு நாட்டின் அரசு அலுவலகங்களே இடிந்து கிடந்த நேரத்தில் அது பெரிய உதவி.

'மிகக் கடும் சேதம் அல்லது முழு இடிவு' என்ற வரம்பைக் கவனியுங்கள். ஐரோப்பிய அளவுகோல் ஒன்று கட்டடச் சேதத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலை மயிரிழை விரிசல், ஐந்தாவது நிலை முழு இடிவு. மேலிருந்து ஐந்தாவதைப் பெரும்பாலும் பிடிக்கலாம். நான்காவதைப் பாதிக்குப் பாதி. மூன்றும் அதற்குக் கீழும் ஏறக்குறைய கண்ணில் படாது. அதனால்தான் ஹெய்ட்டியில் மேல் இரண்டு நிலைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்படி நிறுத்திக்கொண்ட நேர்மைதான் அந்தக் கணக்குக்கு மதிப்பைக் கொடுத்தது என்பேன். அதற்குப் பிறகும் தரையில் போய்ச் சரிபார்த்தபோது, மேலிருந்து பார்த்ததில் விட்டுப்போன கட்டடங்கள் கணிசமாக இருந்தன. தூண்கள் நொறுங்கி, கான்கிரீட் தளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்துவிட்ட வீடுகளில் மொட்டைமாடி மட்டும் முழுசாக இருந்தது.

ஒவ்வொரு நாட்டுக் கட்டடமும் தன் சேதத்தை வேறு வேறு விதத்தில் மறைக்கிறது. நேபாள மலைகளில் பெரும்பாலான வீடுகள் கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டியவை. மேலே தகரம் அல்லது பலகைக்கல். அதிர்வில் கல்சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்துவிடும். கூரை மட்டும் உள்ளே இருக்கும் மரக்கால்களின் மேல் நின்றுவிடும். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் வீடுகள் வரிசையாக இருக்கும். தரையில் நின்று பார்த்தால் நான்கு பக்கமும் சுவர் இல்லை. துருக்கியில் கதை வேறு. அடுக்குமாடிகளில் தரைத்தளத்தில் கடைகள். கடைக்காகச் சுவர்களைக் குறைத்து, உயரத்தைக் கூட்டியிருப்பார்கள். அந்தத் தளம் மட்டும் நசுங்கி, எட்டு மாடி ஏழு மாடியாக நிற்கும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தென் துருக்கி நகரமான அண்டாக்யாவில் முதல் வாரம் நின்றுகொண்டிருந்த பல கட்டடங்கள், பொறியாளர்கள் உள்ளே போய்ப் பார்த்த பிறகு இடிக்கப்பட்டன. துருக்கி அரசு ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆளனுப்பி 'இடிந்தது', 'உடனே இடிக்க வேண்டியது', 'கடும் சேதம்', 'நடுத்தரச் சேதம்', 'லேசான சேதம்', 'சேதமில்லை' என்று பிரித்தது. இதில் முதல் வகையைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலானவை வானத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும்.

இதிலிருந்து ஒரு விதி வருகிறது. சேத வரைபடத்தில் இடிவைக் குறிக்கும் சிவப்புப் புள்ளி இருந்தால் அங்கே போங்கள். சிவப்புப் புள்ளி இல்லை என்பதற்காக அந்த வீடு பத்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வேறுபாட்டை வரைபடத்தின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவசர நேரத்தில் வரைபடத்தைக் கையில் வாங்குபவர் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை.

தலைகீழான பிழையும் உண்டு. முன்-பின் படங்கள் வெவ்வேறு கோணத்தில் எடுக்கப்பட்டிருந்தால், உயரமான கட்டடம் ஒன்றில் இடப்பக்கமும் மற்றொன்றில் வலப்பக்கமும் சாய்ந்தாற்போலத் தெரியும். பழகாத கண்ணுக்கு அது சேதம். பாதி கட்டிய வீடு, மணல் குவியல், துருப்பிடித்த தகரக் கூரைகள் நெருக்கமாக இருக்கும் ஏழைக் குடியிருப்பு, இவையும் இடிபாடு போலவே தெரியும்.

மேகத்தைத் தாண்ட ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. அவை தாங்களே அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கின்றன. இரவோ மேகமோ தடையில்லை. ஒரே பாதையில் மறுபடி வரும்போது கிடைக்கும் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று சென்டிமீட்டர் கணக்கில் சொல்லலாம். 2015 ஏப்ரல் 17-லும் 29-லும் ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான 'சென்டினல்-1' எடுத்த பதிவுகளை ஒப்பிட்டபோதுதான், காத்மாண்டுப் பகுதி சுமார் ஒரு மீட்டர் மேலே எழும்பியிருந்தது படமாகத் தெரிந்தது. கட்டடச் சேதத்துக்கு வேறொரு உத்தி. ஒரு கட்டடத் தொகுதி மாறாமல் இருந்தால் இரண்டு பதிவுகளும் நன்றாக ஒத்துப்போகும். இடிந்தால் அந்த ஒத்திசைவு குலையும். நிலநடுக்கத்துக்கு முந்தைய இரண்டு பதிவுகளின் ஒத்திசைவையும், முந்தைய ஒன்று, பிந்தைய ஒன்று ஆகியவற்றின் ஒத்திசைவையும் கழித்துப் பார்த்தால், திடீரென்று குலைந்த இடங்கள் தனியே தெரியும். நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வகம் காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்கு இப்படி ஒரு வரைபடத்தை இத்தாலியச் செயற்கைக்கோள் தரவிலிருந்து சில நாட்களுக்குள் தயாரித்தது.

ஆனால் இந்த முறையும் 'ஏதோ மாறியிருக்கிறது' என்று மட்டுமே சொல்லும். அறுவடை செய்த வயலும் பனி பெய்த தெருவும்கூட ஒத்திசைவைக் குலைக்கும். சென்டினல்-1 போன்றவற்றில் ஒரு பிக்சல் பல மீட்டர் அகலம் என்பதால் தெரு அளவில் சொல்லலாம், வீடு அளவில் சொல்ல முடியாது. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து ஏவிய 'நிசார்' செயற்கைக்கோள், நீண்ட அலைநீளத்தில் இயங்குவதால் மரஞ்செடிகளைத் தாண்டித் தரையைப் பார்க்கும் திறன் கூடுதலாக உள்ளது. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வருகிறது. இமயமலைச் சரிவுகளுக்கு அது மிகவும் வேண்டியது.

வானத்திலிருந்து மிகத் தெளிவாகப் பார்க்க முடிகிற சேதமும் ஒன்று உண்டு: நிலச்சரிவு. பச்சைச் சரிவில் பழுப்புக் காயம் எந்தக் கண்ணுக்கும் தெரியும். நேபாளத்தில் இதுதான் செயற்கைக்கோள்களின் மிகப் பெரிய பங்களிப்பு என்று நினைக்கிறேன். பல நாட்டு ஆய்வாளர்கள் தன்னார்வமாகச் சேர்ந்து, படங்களை அலசி 4,312 நிலச்சரிவுகளைக் குறித்தார்கள். பின்னால் இன்னும் விரிவாகக் கணக்கெடுத்தபோது எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டியது. சாலையை மூடியவை எவை, ஆற்றை அடைத்து ஏரியாகத் தேங்கி உடையக்கூடியவை எவை என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

லாங்டாங் கிராமம் இதில் தனித்துச் சொல்ல வேண்டியது. காத்மாண்டுவுக்கு வடக்கே மலையேற்றப் பயணிகள் தங்கிச் செல்லும் ஊர். நிலநடுக்கத்தில் மேலேயிருந்து பனியும் பாறையும் சேர்ந்து பெயர்ந்து வந்து ஊரையே மூடியது. ஊர்க்காரர்களும் பயணிகளுமாக 350-க்கும் மேற்பட்டோர் அந்தப் பள்ளத்தாக்கில் இறந்தார்கள். சரிந்து வந்த வேகத்தில் எழுந்த காற்று, எதிர்ச்சரிவில் இருந்த மரங்களைக்கூடப் படுக்க வைத்துவிட்டது. பிந்தைய படங்களில் ஊர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் திட்டு ஒன்றுதான். செங்குத்துப் பாறை ஒன்றின் அடியில் ஒதுங்கியிருந்த ஒரே ஒரு கட்டடம் மட்டும் நின்றது. இப்படிப்பட்ட இடத்தில் 'எத்தனை வீடு இடிந்தது' என்று பிந்தைய படத்தில் எண்ண ஒன்றுமே இல்லை. முன்பு எத்தனை வீடு இருந்தது என்ற பதிவு வேண்டும். அங்கேதான் இணைய வரைபடம் வருகிறது.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் தொடங்கிய திறந்த வரைபடம். யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஹெய்ட்டி நிலநடுக்கம் நடந்த அன்று போர்ட்-ஒ-பிரின்சின் வரைபடத்தில் சில முதன்மைச் சாலைகளைத் தவிர ஒன்றுமில்லை. பிந்தைய படங்கள் பொதுவில் திறந்துவிடப்பட்டதும் உலகம் முழுவதிலுமிருந்து நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து சந்துகள், பாலங்கள், அடைபட்ட சாலைகள், புதிதாக முளைத்த முகாம்கள் என்று வரைந்து தள்ளினார்கள். ஓரிரு வாரங்களில் அந்த நகரத்துக்குக் கிடைத்த மிக விரிவான வரைபடம் அதுவாகிவிட்டது. மீட்புக் குழுக்கள் அதைக் கையடக்க ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த அனுபவத்திலிருந்து உருவானதுதான் 'ஹாட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனிதநேய ஓபன்ஸ்ட்ரீட்மேப் குழு.

அதே ஹெய்ட்டியில் 4636 என்ற குறுஞ்செய்தி எண்ணும் இயங்கியது. மக்கள் கிரியோல் மொழியில் உதவி கேட்டு அனுப்பினார்கள்; வெளிநாடுகளில் வாழும் ஹெய்ட்டியர்கள் இரவு பகலாக மொழிபெயர்த்தார்கள்; செய்திகள் வரைபடத்தில் ஏறின. செய்தி அதிகம் வந்த இடங்களும் சேதம் அதிகமான இடங்களும் ஒத்துப்போகின்றன என்று முதலில் ஓர் ஆய்வு சொன்னது. கட்டட அடர்த்தியைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தவர்கள் அதை மறுத்தார்கள்: கட்டடம் அதிகமுள்ள இடத்திலிருந்து செய்தியும் அதிகம் வரும், இடிபாடும் அதிகம் இருக்கும், அவ்வளவுதான். தனிப்பட்ட ஒருவரின் அபயக்குரலாக அந்தச் செய்தி விலைமதிப்பில்லாதது. சேதத்தை அளக்கும் கோலாக அதை எடுத்தால் தவறு. கைப்பேசி கோபுரமே சாய்ந்துவிட்ட ஊரிலிருந்து செய்தியே வராது. பெரும்பாலும் உதவி முதலில் போக வேண்டிய ஊர் அதுதான்.

நேபாளம் ஹெய்ட்டியைவிட ஒரு படி தயாராக இருந்தது. 2012 முதலே உலக வங்கியின் ஆதரவோடு காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் 2,256 பள்ளிகளையும் 350 சுகாதார நிலையங்களையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றியிருந்தார்கள். அந்த வேலையில் ஈடுபட்ட உள்ளூர் இளைஞர்கள் 2013-ல் 'காத்மாண்டு லிவிங் லேப்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலநடுக்கம் வந்ததும் அவர்கள்தான் உலகத் தன்னார்வலர்களுக்கு எந்தப் பகுதி அவசரம் என்று சொன்னார்கள். தேவைகளைத் திரட்ட 'குவேக்மேப்' என்ற தளத்தையும் நடத்தினார்கள். வந்த செய்திகளைத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்து அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து மலைப்பாதைகளையும் வீடுகளையும் வரைந்தோம். ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய சமதளம், கூடாரங்கள் நிற்கும் திடல், இவற்றைக் குறிப்பதும் தனிப் பணியாக இருந்தது. இணையம் இல்லாத மலைகளில் நிவாரணப் பணியாளர்கள் இந்த வரைபடங்களைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டார்கள்.

நேபாளத்தில் ஹாட் குழுவின் தன்னார்வலர்களுக்கு வீடு வீடாகச் சேதத்தைக் குறிப்பது முதன்மைப் பணியாக இருக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் 2013-ல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயல். அப்போது தன்னார்வலர்கள் படம் பார்த்துக் குறித்த கட்டடச் சேதத்தைத் தரையில் போய் ஒப்பிட்டபோது, சேதத்தின் அளவைப் பிரித்துக் காட்டுவதில் அது நம்பக்கூடியதாக இல்லை. அதே ஆட்கள் வரைந்த சாலைகளும் கட்டட எல்லைகளும் நன்றாகவே பயன்பட்டன. கூரையின் எல்லையை வரைவது கவனம் இருந்தால் யாருக்கும் வரும். சேதத்தை மதிப்பிடக் கட்டடப் பொறியியல் அறிவும் நல்ல படமும் வேண்டும்.

இப்போதெல்லாம் இதைச் செயற்கை நுண்ணறிவே செய்துவிடாதா என்று கேட்பீர்கள். ஓரளவு செய்கிறது. 2019-ல் வெளியான 'எக்ஸ்பிடி' என்ற தரவுத்தொகுப்பில் 8.5 லட்சம் கட்டடங்களின் முன்-பின் படங்கள், நான்கு சேத நிலைகளோடு இருக்கின்றன. அதில் பயிற்சி பெற்ற மாதிரிகள் துருக்கியில் உண்மையாகவே பயன்பட்டன. எந்தத் தெருக்களில் இடிபாடு குவிந்திருக்கிறது என்று ஒரு முழு நகரத்தை விரைவாகச் சலித்துக் காட்டுகின்றன. ஆனால் அந்தத் தொகுப்பில் புயல், வெள்ளம், காட்டுத்தீ எல்லாம் கலந்திருக்கின்றன. புயல் கூரையைப் பிய்க்கும். நிலநடுக்கம் கூரையை விட்டுவிட்டுத் தூணை முறிக்கும். படத்திலேயே இல்லாத தகவலை எந்த மாதிரியாலும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால்தான் நேபாள அரசு கடைசியில் ஆட்களை வீடு வீடாக அனுப்பியது. பொறியாளர்கள் கையில் டேப்லெட்டோடு மலையேறி, லட்சக்கணக்கான வீடுகளின் அடித்தளம், சுவர், தூண் என்று ஒவ்வொன்றையும் பார்த்து, படமெடுத்து, இடத்தைப் பதிந்தார்கள். யாருக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் வீட்டு மானியம் என்று அதை வைத்துத்தான் முடிவானது. ஒரு குடும்பத்தின் மானியத்தைக் கூரைப் படத்தை வைத்துத் தீர்மானிப்பது அநியாயமாக இருந்திருக்கும். அந்தக் கணக்கெடுப்புத் தரவு, ஆட்களின் பெயர் நீக்கப்பட்டு, பொதுவில் கிடைக்கிறது. பொறியியல் படிப்பவர் என்றால் அவசியம் இறக்கிப் பாருங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். அப்புறம் ஹாட் குழுவின் 'டாஸ்கிங் மேனேஜர்' தளத்துக்குப் போனால், வரைய வேண்டிய பகுதிகள் சிறு சதுரங்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு சதுரத்தை எடுத்துப் பூட்டிக்கொண்டு, படத்தில் தெரியும் கட்டடங்களையும் பாதைகளையும் வரைந்து, முடித்ததாகக் குறிக்க வேண்டும். இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார். அவர் திருப்பி அனுப்பினால் வருத்தப்படாதீர்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

தொடக்கத்தில் கவனிக்க வேண்டியவை சில. ஒவ்வொரு படமும் தரையிலிருந்து சில மீட்டர் விலகியிருக்கலாம். ஏற்கெனவே வரைந்திருக்கும் சாலையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் படத்தை நகர்த்திக்கொள்ளுங்கள். கட்டடத்தின் கூரையைச் சுற்றி வரைந்த பிறகு, அதை அடித்தளம் இருக்கும் இடத்துக்கு இழுத்து வையுங்கள். சாய்கோணப் படத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது. மூலைகளைச் செங்கோணமாக்க 'கியூ' விசையை அழுத்தினால் போதும். நேபாள மலைகளில் படிக்கட்டு வயல்களின் வரப்பு அச்சு அசல் ஒற்றையடிப் பாதை போலவே தெரியும். பாதை என்றால் அது எங்காவது போய்ச் சேரும், ஒரு வீட்டுக்கோ ஆற்றுக்கோ. வரப்பு மலையைச் சுற்றி ஒரே மட்டத்தில் போய் முடிந்துவிடும். வறண்ட ஓடையும் பாதை போல ஏமாற்றும். ஊர்ப் பெயர்களை ஊகித்து எழுதாதீர்கள். அதை உள்ளூர்க்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். கூகுள் வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது, உரிமம் இடம் தராது. தளத்திலேயே அனுமதிக்கப்பட்ட படங்கள் இருக்கும், அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

எப்போது செய்வது என்றால், அடுத்த நிலநடுக்கச் செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். செய்தி வந்த நாளில் ஆயிரம் பேர் ஒரே சதுரத்துக்குள் முண்டியடிப்பார்கள். புதியவர்களின் வேலையைச் சரிபார்க்க ஆள் போதாது. நீங்கள் ஆறு மாதம் பழகியிருந்தால் அந்த நாளில் வரைபவராக இல்லாமல் சரிபார்ப்பவராக உட்காரலாம், உண்மையில் அதற்குத்தான் ஆள் வேண்டும். எங்கே தொடங்குவது என்றால் மேற்கு நேபாளத்தைச் சொல்வேன். 1505-க்குப் பிறகு அந்தப் பகுதியில் மிகப் பெரிய நிலநடுக்கம் எதுவும் வரவில்லை, அழுத்தம் சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று நில அதிர்வு ஆய்வாளர்கள் நெடுநாட்களாகச் சொல்லி வருகிறார்கள். 2023 நவம்பர் 3 இரவு ஜாஜர்கோட்டில் வந்தது அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதிலேயே 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அதே கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய வீடுகள்தான். கர்ணாலி மாகாணத்து மலையூர்களை வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் கூரைகள் தெரிந்தும் வரைபடத்தில் எதுவும் இல்லாத ஊர் ஒன்று கண்ணில் பட்டால், அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.